நான்கு மணிக்குள் ஒரு கையெழுத்து

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. ஜெராக்ஸ் கடை வரிசையில் ஒட்டுக்கேட்டேன். எனக்கு முன்னால் இரண்டு தாள்களுடன் நின்ற பெண் கடைக்காரரிடம் மெல்லக் கேட்டாள்:

"அண்ணா, இந்தத் தாள்ல இருக்கிற கையெழுத்து அந்தத் தாள்ல விழற மாதிரி காப்பி எடுக்க முடியுமா?"

"யார் கையெழுத்தும்மா?"

"எங்கப்பாவோடது."

"அப்பா ஊர்ல இல்லையா?"

"இருக்கார்," என்றாள். அப்புறம் என்ன தோன்றியதோ, தாள்களைச் சுருட்டிக்கொண்டு வெளியேறிவிட்டாள். மேல் தாளில் ஒரு சட்டக் கல்லூரியின் பெயர் அச்சாகியிருந்ததைப் பார்த்துவிட்டேன். இனி வருவதெல்லாம் என் கற்பனை. பழியும் என்னுடையதே.

2

அவளுக்குச் சட்டம் படிக்கும் ஆசை வந்தது சின்ன வயதில், ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது

(அடித்துவிட்டேன். இன்று நான்கு மணிக்குள் முடிவு தெரிந்தாக வேண்டும். சின்ன வயதுக்கெல்லாம் நேரமில்லை.)

விஷயம் இதுதான். இரண்டு சட்டக் கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். இன்னொன்றுக்கு ஒரு நாள் ரயிலில் போக வேண்டும். அங்கே இரண்டாம் வருடமே மாணவர்கள் சிறைக்குப் போய், வக்கீல் வைக்க வழியில்லாத கைதிகளுக்கு மனு எழுதிக் கொடுக்கிறார்கள். அவள் மனசு அங்கேயே குடிபோய்விட்டது. ஆனால் பக்கத்துக் கல்லூரியின் சம்மதப் படிவம் வீட்டுக்கு முதலில் வந்தது. அவள் வெளியே போயிருந்த நேரம். அப்பா கையெழுத்துப் போட்டு, தேதியும் மணியும் குறித்து, கொண்டுவந்த ஆளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது அங்கிருந்து விலகும் கடிதத்திலும் இன்று நான்கு மணிக்குள் அவரே கையெழுத்துப் போட்டால்தான் தூரத்துக் கல்லூரி அவளைச் சேர்த்துக்கொள்ளும்.*

* அப்பாவுக்குக் கோர்ட்டில் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. இருபத்தாறு வருடத்தில் கையெழுத்தில்லாமல் ஒரு தாளும் அவரிடமிருந்து கைமாறியதில்லை. "கைப்பழக்கத்துல போட்டுட்டேன்மா" என்று அவர் சொன்னதை முதல் வரைவில் நம்பினேன். இரண்டாம் வரைவில் நம்பவில்லை. வரி விடாமல் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குகிற மனிதர், தன் முறை வந்தபோது மட்டும் படிக்காமலா போட்டிருப்பார்?

3

மதியச் சாப்பாட்டுக்கு வந்த அப்பா உள்ளறையில் தாழ் போட்டுக்கொண்டார். மூன்றேகாலுக்கு அவள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"அப்பா, கதவத் தொறங்க."

"தலவலிம்மா. அப்புறம் பேசலாம்."

சம்மனுக்குப் பயந்தவர்கள் செய்வதையெல்லாம் அவர் செய்துகொண்டிருந்தார். காலையில் ஆபீசில் "இப்பத்தான் வெளிய போனார்" என்று சொல்ல வைத்தார். போனை எடுக்கவில்லை. இப்போது தலைவலி. இந்தத் தில்லுமுல்லுகளைச் சொல்லிச் சொல்லி அவளைச் சிரிக்க வைத்தவரே அவர்தான். வாங்க மறுத்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். கதவில் ஒட்டிவிட்டு, உரக்கப் படிக்க வேண்டும்.

அவள் கடிதத்தைக் கதவில் ஒட்டினாள். முதல் வரியிலிருந்து படித்தாள்.

(இங்கே அவளை அழவைத்து ஒரு வரைவு எழுதியிருந்தேன். கிழித்துப் போட்டேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. குரல் நடுங்கியதும் அதனால்தான்.)

படித்து முடித்தாள். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. தாழ்ப்பாள் அசையவில்லை.

"படிச்சுத்தான் போட்டேன்," என்றார் அப்பா. கதவுக்கு வெகு அருகில் வந்திருந்தார்.

அவள் கதவில் காதை வைத்தாள்.

"நான் போய்த் தட்டினா எல்லா வீட்லயும் மூஞ்சி சுருங்கும்மா. சாபம்கூட விடுவாங்க. சாயங்காலம் இந்த வீட்டத் தட்டினா மட்டுந்தான் சிரிச்சிட்டே தொறப்பாங்க. உங்கம்மா போனப்புறம் எனக்கு அது ஒண்ணுதான்."

மணி மூன்று நாற்பது.

4

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் கதவு திறக்கிறது, கையெழுத்து விழுகிறது, ரயில் கிளம்புகிறது. நீங்கள் கண் கலங்க வேண்டிய இடம் அது. இன்னொன்றில் அவள் கடிதத்தைக் கதவிலிருந்து பிய்த்து மடித்து வைத்துவிட்டு, அப்பாவுக்குத் தலைவலி மாத்திரை தேடுகிறாள். இரண்டையும் எழுத முடிந்தது. இரண்டிலும் அவள் அப்பாவுக்குச் சொல்லும் பதிலை மட்டும் எழுத முடியவில்லை. வரைவில் அந்த இடத்தைப் புள்ளிக்கோடாக விட்டிருக்கிறேன்.

நீங்களும் ஒரு வீட்டை விட்டுப் புறப்பட்டவராக இருக்கலாம். அங்கேயே இருந்துவிட்டவரிடம் ஏதோ சொல்லிவிட்டுத்தானே வந்தீர்கள்? என்ன சொன்னீர்கள்? அவளுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.