கரை தெரியாது

மகளின் செவிமடலில் ஒட்டியிருந்த ஆற்று மணலை ஐயம்பெருமாள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க மணல் வந்தது. ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணி சுற்றிக் கொடுத்திருந்தார்கள். முகமும் தலையும் மட்டுமே திறந்திருந்தன. மீனுவுக்குப் பதினேழு முடியவில்லை. கூடத்தின் மூலையில் ஓதுவார் தாழ்ந்த குரலில் பதிகம் பாடிக்கொண்டிருந்தார்.

நெற்றியில் நீறு பூச வந்த வடிவு, பூசாமல் கணவரைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கேன். சொல்லுவியளா?"

அவர் துணியைப் பிழிந்தார்.

"உள்ள இருந்து பாத்தா, நாம கரையில நின்னது அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

காலையில் மீனு ஆற்றில் குளித்துக்கொண்டிருக்க, குறுக்குத்துறைப் படியில் அவர்கள் பொருநைக்கு முதுகு காட்டி நின்றிருந்தார்கள். அரையாண்டு இயற்பியல் தேர்வில் மாணவன் ஒருவன், நீருக்குள் இருக்கும் மீனுக்கு மேற்பரப்பு முழுதும் முகம் பார்க்கும் ஆடியாகிவிடும், கரை தெரியாது என்று எழுதியிருந்ததையும், தாம் அதைச் சிவப்பு மையால் அடித்ததையும் ஐயம்பெருமாள் சொல்லிக்கொண்டிருந்தார். உடன் வேலை பார்க்கும் தமிழாசிரியர் பூதலிங்கம் தலையைத் துவட்டியபடியே கேட்டார்:

"அப்பம் கொக்கக் கண்டதும் மீனு எப்பிடிவே ஓடுது?"

ஐயம்பெருமாள் வயிறு குலுங்கச் சிரித்தார். சேலை பிழிந்துகொண்டிருந்த வடிவும் சிரித்தாள். சிரித்து முடித்துத் திரும்பியபோது, மணல் அள்ளிய குழிக்கு மேலே மீனுவின் தாவணித் தலைப்பு மட்டும் சுழன்றுகொண்டிருந்தது.

இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் கரும்பலகையில் வரைந்து காட்டிய படம்தான். மாறுநிலைக் கோணத்தைக் கடந்து சாய்ந்த பார்வைக்கே நீர்ப்பரப்பு ஆடி; அங்கே ஆற்றின் அடிமணலே திரும்பத் தெரியும். கோணத்துக்குள், தலைக்கு நேர்மேலே, வட்டப் பலகணியொன்று திறந்தே இருக்கும். வானும் மருதமும் கரையும் கரையில் நிற்போரும் அவ்வட்டத்துக்குள் சுருங்கி வந்துவிடுவர். கண் திறந்திருந்தால் தப்பாது.

மீனுவின் கண்கள் திறந்திருந்தன. ஆஸ்பத்திரியில்தான் மூடினார்கள்.

"தெரியாது," என்றார். "தண்ணிக்குள்ள இருந்து பாத்தா மேல முழுசும் கண்ணாடிதான். கரை தெரியாது."

"இவ தலையில கைய வச்சுச் சொல்லுங்க."

ஓதுவார் அடுத்த அடிக்கு மூச்சு வாங்கினார். ஈரம் உலராத அந்தக் கூந்தலின்மேல் ஐயம்பெருமாள் கை வைத்தார்.

"தெரியாது."

"அப்பம் நாம சிரிச்சத அவ பாக்கல," என்று சொல்லிவிட்டு வடிவு நீறு பூசினாள்.

கருப்பந்துறையில் எரியூட்டி முடிந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. தலைமுழுகாமல் வீடு திரும்பலாகாது. அதே ஆறு என்பதால் பூதலிங்கம் தயங்கினார்; குடத்தில் முகந்து ஊற்றட்டுமா என்று கேட்டார். ஐயம்பெருமாள் வேண்டாமென்று தலையசைத்து, படியிறங்கி, மார்பளவு நீரில் அமிழ்ந்தார்.

வழக்கமாக இறுக மூடும் கண்களை இன்று திறந்தார். மார்கழி நீர் தெளிந்திருந்தது. அலை அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

வட்டம் மெல்ல மெல்லத் தெளிந்தது. அதன் விளிம்பில், மிகச் சிறியவராக, பூதலிங்கம் காத்து நின்றார். அவர் தோளில் கிடந்த துண்டின் சிவப்புக் கரைகூடத் தெரிந்தது.