துளசி என்ற பெயரில் ஓடியவள்

1

என்னிடம் கேட்கப்பட்டது ஒரு கடிதம். நான் எழுதுவதோ கதை. இந்த ஏய்ப்பை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கடந்த வியாழனன்று என் பழைய மாணவி அஞ்சும் வந்தாள். பட்டுக்கடையொன்றில் நாள் முழுதும் நின்று புடவை விரித்துக் காட்டுபவள். தனியார் பள்ளியில் ஓட்டப் பயிற்சியாளர் வேலை காலியாம், திங்களன்று நேர்காணல், மாநிலப் போட்டியில் ஓடியதற்குச் சான்று கேட்கிறார்களாம்.

"நான் ஓடினேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க ஐயா. வேற ஒன்னும் வேணாம்."

அவள் ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். சான்றிதழில் இருப்பது வேறொருத்தியின் பெயர்.

2

முதல் தொடக்கம்: "பாலாற்று மணலில் நான்கு பெண்கள் ஓடிக்கொண்டிருக்க, கதிரவன் தன் பொற்கரங்களை..." அடித்துவிட்டேன். கதிரவனுக்கு இக்கதையில் வேலையில்லை.

இரண்டாம் தொடக்கம்: "எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் ஆறாண்டுகள் காலியாகக் கிடந்தது." இது இருக்கட்டும். எத்தனை விண்ணப்பங்கள் எழுதினோம்! ஒன்றுக்கும் பதிலில்லை. விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கும் அறிவியலும் பங்கிட்டுத் தின்றன. (தமிழும் தின்றது. தின்றவன் நான்.) விசிலைத் தமிழாசிரியனான என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். ஓட்டம் என்பது தொழிற்பெயர் என்பதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அப்படியும் எங்கள் பள்ளிப் பெண்கள் நால்வர் தொடரோட்டத்தில் மாநிலப் போட்டி வரை வென்றார்கள். 2012, திருச்சி. புறப்படும் நாளில் துளசி மஞ்சட்காமாலையோடு மருத்துவமனையில் சேர்ந்தாள். அவளுக்குப் பதிலாக அஞ்சுமை அழைத்துச் சென்றோம். அஞ்சுமின் தந்தை கலீம் சம்மதித்தது போட்டிக்கான பெயர்ப் பட்டியல் போன பிறகுதான். எனவே அவள் பெயர் அதில் இல்லை. பெயரை மாற்றத் தலைமையாசிரியரின் முத்திரை வேண்டும் என்றார்கள். முத்திரை காஞ்சிபுரத்தில் இருந்தது.

"இன்னிக்கு நீதான் துளசி" என்றேன்.

மற்ற மூவரும் சிரித்தார்கள். "பொட்டு வெச்சுக்கடி, அப்பதான் நம்புவாங்க."

"வேர்வையில அழிஞ்சிடும், போங்கடி."

அஞ்சும் மூன்றாவதாக ஓடினாள். நான்காம் இடத்தில் கோலை வாங்கியவள் முதலிடத்தில் கொடுத்தாள். அணிக்கு வெள்ளி கிடைத்தது.*

* அடிக்குறிப்பு: நலம்பெற்று வந்த துளசி, தன் பெயரில் வந்த பதக்கத்தை அஞ்சுமிடமே கொடுத்துவிட்டாள். சான்றிதழ் துளசியிடம் தங்கிவிட்டது. பதினேழு வயதில் தாளை யார் பொருட்படுத்துவார்?

3

துளசி இன்று காவலர். அச்சான்றிதழால், விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த பணி. எட்டாண்டுகள் ஆகின்றன.

முடிவு அ: எழுதிக் கொடுக்கிறேன். அஞ்சுமுக்கு வேலை கிடைக்கிறது. கடிதம் என்றேனும் உரிய கண்ணில் பட்டு, துளசியின் சீருடை...

முடிவு ஆ: எழுதவில்லை. அஞ்சும் ஐம்பது வயதிலும் அதே கடையில் நின்றபடி...

இரண்டு வாக்கியங்களையும் முடிக்க இயலவில்லை. துளசியைக் கெட்டவளாக்கினால் கதை எளிதாகும் என்று அதையும் முயன்றேன். பிறகு அவளைத் தொலைபேசியில் அழைத்தேன். அவள் குரலைக் கேட்டதும் அந்தக் கெட்டவள் கதையில் நிற்கவில்லை.

"வருஷா வருஷம் போலீஸ் ஸ்போர்ட்ஸ்ல ஓடச் சொல்றாங்க ஐயா. கால் சுளுக்கிக்கிச்சுன்னு எட்டு வருஷமா சொல்லிக்கினு இருக்கேன். ஸ்டேஷன்ல எனக்கு 'சுளுக்கு'ன்னே பேரு வெச்சுட்டாங்க."

அஞ்சும் கேட்ட கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"எழுதறதுன்னா எழுதுங்க. ஆனா அவ யாரு சொல்லி ஓடினான்னும் எழுதுங்க. அந்த வரிய மட்டும் விட்டுடாதீங்க."

அந்த வரியைத்தான் பதின்மூன்று ஆண்டுகளாக விட்டு வந்திருக்கிறேன். காலிப் பணியிடத்தைச் சாடினேன், முத்திரையைச் சாடினேன். சாடியதெல்லாம் நியாயமே. எனினும் ஓடுதளத்தின் ஓரத்தில், அரை நிமிடத்தில், இருவர் வாழ்க்கையைத் தீர்மானித்தவன் நான். இருவரில் ஒருத்தியையும் கேட்கவில்லை.

4

இம்முறை கேட்டுவிடலாம் என்று ஞாயிறு காலை இருவரையும் வரச் சொன்னேன். (இதைப் பெருந்தன்மை என்று எண்ணினேன்.)

தொலைபேசியில் அழைத்தபோதே அஞ்சும் சொன்னாள்: "எங்க ரெண்டு பேரையும் எதிரெதிரா ஒக்கார வெச்சுட்டு, நீங்க ஓரமா ஒக்காந்துக்கப் பாக்குறீங்களா ஐயா?"

ஆகவே அவர்கள் வருமுன் கடிதத்தை எழுதினேன்: "2012ஆம் ஆண்டு மாநிலப் போட்டியில் ஓடியவர் அஞ்சும். அவரைத் துளசி என்ற பெயரில் ஓடச் செய்தவன் நான். துளசிக்கு இது தெரியாது." கடைசி வாக்கியம் பொய், அடித்துவிட்டேன். கையொப்பமிட்டேன். என் ஓய்வூதியம் என்னாகும் என்று ஒரு கணம் எண்ணினேன் என்பதையும் மறைக்கவில்லை.

கடிதத்தைக் கொடுப்பதா என்பதே மீதம். கதவு தட்டப்படுகிறது. ஒருத்திதான் வந்திருக்கிறாள், எவள் என்று எழுத மாட்டேன்.

வாசகரே, எழுந்து சென்று திறவுங்கள். நின்றிருப்பவளின் முகத்தைப் பார்த்தபடி உங்களால் சொல்ல முடிகிற முடிவு எதுவோ, அதைச் சொல்லுங்கள். நான் உங்களுக்குப் பின்னால்தான் நிற்கிறேன்.