சொட்டில் பிழைத்த செடி

குழாய்க்காரர் ஊரார் வீட்டு ஒழுகலையெல்லாம் நிறுத்துவார். சொந்த வீட்டுக் குளியலறைக் குழாய் மட்டும் ஆறு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் சொல்வதையே விட்டுவிட்டாள். அந்த மௌனம் அவரை உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரை எடுத்து இரண்டே நிமிடத்தில் இறுக்கிவிட்டார்.

"இனிமே ஒரு சொட்டு விழாது, போதுமா?"

ஓடிவந்தவளின் முகம் வாடிவிட்டது. குழாய்க்கடியில், டைல்ஸ் இடுக்கில், சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு தக்காளிச் செடி நின்றது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"அந்தச் சொட்டுலதாங்க அது பொழைச்சுது. நீங்க வேலைக்குப் போனா எனக்குப் பேச்சுத் துணையே அதுதான்."

"நீயே தினம் கொஞ்சம் தண்ணி ஊத்தேன்."

"ஊத்தினா சாஞ்சுடுது. பழையபடி ஆக்கிடுங்க."

அவர் தளர்த்தினார், தண்ணீர் கொட்டியது. இறுக்கினார்; நின்றே போனது. நிறுத்தப் பழகிய கைக்குச் சொட்டவைக்கத் தெரியவில்லை. ஒரு மணி நேரமாகத் தரையில் உட்கார்ந்து திருகிக்கொண்டிருந்தார். செடிக்குக் கையைக் குடையாகப் பிடித்தபடி அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இதோ, ஆயிடும்" என்றார், வேர்த்து விறுவிறுத்து.

மாதக்கணக்கில் அவசரப்படுத்தியவள் சொன்னாள்:

"அவசரமே இல்லைங்க. மெதுவாப் பாருங்க."