எங்கள் நிலத்துக்கு மேலே மட்டும் எஞ்சின் கோளாறு

போர்க்காலத்தில் எங்கள் நிலத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டு, வரப்பையெல்லாம் தரைமட்டமாக்கி, விமானம் இறங்க ஓடுதளம் போட்டது. போர் முடிந்தது, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நிலம் மட்டும் கைக்கு வரவில்லை. "ஒரு விமானம் இறங்கினாலும் அது ஓடுதளம்தாம்மா. இறங்குறது நிக்கட்டும், நிலத்தை எழுதிக் குடுக்குறேன்," என்று நில அதிகாரி கையை விரித்துவிட்டார். மழைக்கு முன்னால் விதைக்காவிட்டால் அந்த வருஷமும் எங்களுக்குக் கூலி வேலைதான்.

இறங்கியது ஒரே ஒரு தபால் விமானம். அதை ஓட்டிய பையனுக்கு வாரம் தவறாமல் எஞ்சின் கோளாறு வரும். அதுவும் சொல்லிவைத்தாற்போல எங்கள் நிலத்துக்கு மேலே வந்ததும் வரும். இறங்கி, மூடியைத் திறந்து, ஒரு பிளக்கைக் கழற்றித் துடைத்து, அதையே திரும்ப மாட்டுவான். என் மகள் பக்கத்தில் ஸ்பேனரோடு நிற்பாள். வீட்டில் ஒரு தட்டைக் கழுவச் சொன்னால் ஆயிரம் சாக்கு சொல்கிறவள், அங்கே கையெல்லாம் கிரீஸோடு பல்லைக் காட்டிக்கொண்டிருப்பாள்.

என் வீட்டுக்காரர் கண்ணில் இதெல்லாம் படவே இல்லை. "பாவம், ஓட்டை விமானத்தைக் குடுத்து அனுப்புறாங்க," என்று உருகினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "விமானத்துக்கு ஒண்ணும் இல்லைங்க. நம்ம பொண்ணைப் பார்க்கத்தான் இறங்குறான்."

மனிதர் ஓடுதளத்தின் குறுக்கே பள்ளம் வெட்டுகிறேன் என்று மண்வெட்டியைத் தூக்கினார்.

"வெட்டுங்க. கால் உடைஞ்சு நம்ம வீட்லயே படுத்துக்குவான். பக்கத்துல உக்காந்து யாரு பார்த்துக்குவா?"

மண்வெட்டியைக் கீழே வைத்தார். "அப்ப என்னதான்டி பண்றது?"

"கட்டிக் குடுத்துடுங்க. அப்புறம் எதுக்கு இறங்கப் போறான்?"

நிலத்தை மீட்கப் பெண்ணைக் கொடுத்தவர் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். கல்யாணம் முடிந்து, அவளையும் ஏற்றிக்கொண்டு விமானம் போனது. அதோடு எஞ்சினுக்கு என்ன ஆரோக்கியம்! ஒரு நாள்கூட இறங்கவில்லை. மழைக்கு முன்னாலேயே அதிகாரி நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்.

இவர் மறுநாளே ஏர் பூட்டினார். மத்தியானம் சாப்பாடு கொண்டுபோய்ப் பார்த்தால், இரண்டு பக்கமும் உழுதிருக்கிறார். நடுவில் நீளமாக ஒரு பட்டை ஏர் படாமல் கிடந்தது. அத்தனையும் நல்ல மண்.

"என்னங்க இது?"

"மாடு களைச்சுப்போச்சு," என்றார், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு. மாடுகளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

அவள் இல்லாத வீடு எனக்கும்தான் பிடிக்கவில்லை. சாப்பாட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பட்டையில் கிடந்த கற்களைப் பொறுக்கி ஓரமாகப் போட ஆரம்பித்தேன்.