இந்த ருபார்ப்பை நாங்களே தின்போம்

என் கணவன் மெர்வின் ஹாலம் பதினெட்டு வருஷம் கால்பந்து ஆடிச் சம்பாதித்தவன். பெயரைக் கேள்விப்பட்டதில்லையே என்று நீங்கள் சங்கடப்பட வேண்டாம். அவன் ஆடிய ஊர்களிலேயே பாதிப் பேர் கேள்விப்பட்டதில்லை. முன்வரிசையில் நின்று கோல் போடுவதுதான் அவன் வேலை என்று பேப்பரில் எழுதுவார்கள். உண்மையில் அவன் வேலை, பந்து வராத இடத்துக்குத் தலைதெறிக்க ஓடுவது. எதிரணியில் இரண்டு பேர் அவன் பின்னாலேயே ஓடுவார்கள். அந்த இடைவெளியில் வேறு எவனாவது கோல் போட்டுப் பேர் வாங்கிக்கொண்டு போவான். இப்படி ஓடி ஓடியே பதினோரு கிளப் பார்த்துவிட்டான்.

கிளப் மாறினால் வீடு மாற வேண்டும். வீடு மாறினால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே நான் தோட்டத்து மூலையில் ருபார்ப் நட்டுவிடுவேன். அதன் புளிப்பான சிவப்புத் தண்டைச் சர்க்கரையோடு வேகவைத்து, வெண்ணெயில் பிசிறிய மாவை மேலே தூவிச் சுட்டு, சூடாகச் சாப்பிடுவதைப் போன்ற சுகம் எனக்கு வேறில்லை. ஆனால் பொறுமையைச் சோதிக்கிற செடி அது. நட்ட முதல் வருஷம் ஒரு தண்டைக்கூடப் பறிக்கக் கூடாது, பறித்தால் வேர் நோஞ்சானாகிவிடும். இரண்டாம் வருஷம்தான் கொஞ்சம் கை வைக்கலாம். மெர்வோ கோடைக்குக் கோடை கிளப் மாறுவான். வெயில் காலத்தில் அதைப் பிடுங்கி எடுத்துப் போனால் பிழைக்காது. எப்போதாவது ஒரு வீட்டில் இரண்டு கோடை தங்கினோமென்றால் அங்கே தோட்டம் இருக்காது, சிமெண்ட் தரைதான் இருக்கும். ஆக, வட இங்கிலாந்து முழுக்க என் ருபார்ப்பை யார் யாரோ தின்றுகொண்டிருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முழங்கால் தேய்ந்து ஆட்டத்தை விட்டபின் மெர்வுக்கு ஸ்கெல்பரோ டவுனில் உதவிக் கோச் வேலை கிடைத்தது. ஆறாவது டிவிஷன். ஆட்டக்காரர்களில் ஒருவன் தபால்காரன், ஒருவன் கூரைக்கு ஓடு போடுகிறவன், ஒருவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித்தருகிறான். வேலை முடிந்து வந்து பயிற்சி எடுப்பார்கள். அவர்கள் சட்டைகளைத் துவைத்துப் பெட்டியில் அடுக்கி ஆட்டத்துக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. வந்ததுமே வழக்கம்போல நட்டேன். ஊரும் எனக்குப் பிடித்துப்போனது. ரொட்டிக்கடையில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கடைப்பெண் என் ரொட்டியை எடுத்துச் சுற்றத் தொடங்கிவிடுவாள். அப்படி ஒரு மரியாதை வேறெந்த ஊரிலும் எனக்குக் கிடைத்ததில்லை, அதற்குள் கிளம்பியிருப்போம்.

இரண்டாவது சீசனில், அணி தோற்றுத் தோற்றுப் பட்டியலின் அடிக்குப் போனபோது, தலைமைக் கோச்சைத் தூக்கிவிட்டார்கள். கிளப் தலைவர் போக்சன் மெர்வைக் கூப்பிட்டு அனுப்பினார். கம்பளக் கடை வைத்திருக்கும் மனுஷர், பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது.

"சீசன் முடியற வரைக்கும் நீ பாத்துக்க. டீம் இதே டிவிஷன்ல நின்னுச்சுன்னா வேலை உனக்கு, மூணு வருஷம் ஒப்பந்தம். கீழ எறங்கிடுச்சுன்னா நான் வேற ஆளைத் தேடிக்குவேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

மூன்று வருஷம்! அந்தச் சொல்லை இதற்கு முன் எந்த கிளப்பும் எங்களிடம் சொன்னதில்லை. நான் நேராகத் தோட்டத்துக்குப் போனேன். ஈரமண்ணைப் பிளந்துகொண்டு சிவப்பு முளைகள் தலைநீட்டிக்கொண்டிருந்தன. வசந்தம் வந்து தண்டுகள் முழங்கை உயரம் வளர்ந்தும் நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. தங்குகிறோமா போகிறோமா என்று தெரியட்டும், அப்புறம் பறிக்கலாம் என்று வைராக்கியமாக இருந்தேன்.

எல்லாம் கடைசி ஆட்டத்தில் வந்து நின்றது. தோற்றால் கீழே. டிரா செய்தால் போதும், பிழைத்தோம். ஆட்டம் தார்ன்லி ஊரில். அது மெர்வின் பழைய கிளப்களில் ஒன்று. முப்பதைத் தொட்ட வயதில் அங்கே ஆடினான், கொஞ்சம் கோலும் போட்டான். அவர்கள் பட்டியலின் நடுவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள், ஜெயித்தாலும் தோற்றாலும் கவலையில்லை.

மெர்வுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன் அணியிடம் பேசும்போது ஆட்களின் முகத்தைப் பார்க்க மாட்டான். பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமாம். சுவரில் இருக்கும் பலகையைப் பார்த்தபடி, படம் வரைந்துகொண்டே, முதுகைக் காட்டித்தான் பேசுவான். ஆயுளெல்லாம் கோலுக்கு முதுகைக் காட்டி நின்றே பந்தை வாங்கியவன், இதையும் அப்படியே செய்கிறான் என்று பையன்கள் கேலி செய்வார்கள்.

அன்று நான் விருந்தாளிகளின் உடைமாற்றும் அறையில் சட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தேன். பையன்கள் பேயறைந்ததுபோல் உட்கார்ந்திருந்தார்கள். எங்களில் உயரமானவனான லோமாக்ஸ், கூரைக்கு ஓடு போடுகிறவன், எத்தனை மாடிமேல் நின்றாலும் நடுங்காதவன், கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தான். மெர்வைக் காணோம். அப்போது பக்கத்துச் சுவர் வழியாக ஒரு குரல் கேட்டது.

"எல்லாரும் கவனமாக் கேட்டுக்குங்கப்பா. இந்தத் தார்ன்லி தடுப்பு வரிசை இருக்கே, சுத்தக் கெழட்டு எருமைக் கூட்டம். அவங்க கேப்டன் கிரெய்க் ஒருதடவை திரும்பறதுக்குள்ள நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்துரலாம்."

தபால்காரப் பையன் நோல்ஸ் நிமிர்ந்து பார்த்தான். "அது நம்ம பாஸ் குரல்தானே?"

"நம்ம பாஸ்தான்," என்றான் லோமாக்ஸ்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு?"

நான் பிடித்திருந்த சட்டையைக் கீழே போட்டேன். அந்தத் தாழ்வாரத்தில் இடப்பக்கக் கதவு தார்ன்லிக்காரர்களுடையது, வலப்பக்கம் விருந்தாளிகளுக்கு. மெர்வ் அங்கே ஆடிய காலத்தில் தினமும் இடப்பக்கம் நுழைந்தவன். கையிலிருந்த தாளைப் படித்துக்கொண்டே வந்த மனுஷனைக் கால் பழைய வழியிலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டது.

ஓடிப்போய் அந்தக் கதவைத் திறந்தேன். உள்ளே தார்ன்லி ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார்கள். கிரெய்க் என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்துக் கெஞ்சினான். மெர்வ் பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தான்.

"கார்னர் கெடைச்சா, மூலையிலேர்ந்து பந்து வரும்போது, இதுதான் திட்டம். எல்லாரும் கிட்டத்து கோல் கம்பத்துக்கு ஓடற மாதிரி பாவ்லா காட்டறீங்க. லோமாக்ஸ் பின்னால சுத்தி வந்து தூரத்துக் கம்பத்துக்கிட்ட தலையால முட்டறான். இது வெளிய ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது பாஸ்!" என்று பதினைந்து பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

குரல் புதிதாக இருக்கிறதே என்று மெர்வ் திரும்பினான். திரும்பியவனின் முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சட்டைக் கையாலேயே பலகையைத் துடைத்தான். அதற்கு இனி என்ன அவசியமோ தெரியவில்லை. வெளியே வரும்போது கிரெய்க் சொன்னான்: "மெர்வ், இந்த எருமைக்கும் ஒரு டீ சொல்லிட்டுப் போ."

தாழ்வாரத்தில் வைத்து மெர்வை நாலு அறை விடலாமா என்று வந்தது. மூன்று வருஷம், என் ரொட்டிக்கடை, என் ருபார்ப் எல்லாம் அந்தப் பலகையோடு சேர்ந்து அழிந்துபோனதாகவே எனக்குப் பட்டது. "உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். "இல்ல ஆவ்ரில்," என்றான் பாவம்.

எங்கள் அறைக்குள் நுழைந்து நின்றான். முதலில் லோமாக்ஸின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்புறம் நோல்ஸ் பெஞ்சிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தான். ஒரு நிமிஷத்தில் அறை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கோமாளிக் கூட்டம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் மைதானத்துக்குள் போகும்போது கவனித்தேன், எவன் முகத்திலும் பேயறைந்த களை இல்லை.

முதல் பாதியில் நன்றாகவே ஆடினார்கள். கார்னர் கிடைத்தபோதெல்லாம் தார்ன்லிக்காரர்கள் மூன்று பேர் லோமாக்ஸோடு ஒட்டிக்கொண்டு, "பின்னால வர்றான், பின்னால வர்றான்!" என்று பாட்டே பாடினார்கள். கடைசியில் கிரெய்க் வந்து ஒரு பந்தைத் தலையால் முட்டி எங்கள் வலைக்குள் தள்ளினான். தள்ளிவிட்டு, மெர்வைப் பார்த்துக் கோப்பையைத் தூக்கி டீ குடிப்பதுபோல் சைகை காட்டினான். மைதானமே கைதட்டியது. விஷயம் அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டிருந்தது.

இடைவேளையில் நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். மெர்வ் பலகைப் பக்கம் போகவில்லை. பையன்களுக்கு எதிரே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவன் முகமாகப் பார்த்தான். அப்படி அவன் பார்த்ததே இல்லை.

"லோமாக்ஸ், உங்கூட எத்தனை பேரு வர்றாங்க?"

"மூணு பேரு பாஸ். மூச்சு விட முடியல."

"ரொம்ப நல்லது. இனிமே உனக்குப் பந்தே வராது. ஆனா வரப்போவுதுன்னு நீ நம்பி ஓடணும். கையத் தூக்கு, கத்து, பந்தக் குடுங்கடான்னு கெட்ட வார்த்தையில திட்டு. மூணு பேரையும் உன் பின்னாலயே இழுத்துட்டுப் போ. நான் பதினெட்டு வருஷம் இந்த ஒரு வேலையத்தான்டா பாத்தேன். ஒருத்தனும் கைதட்ட மாட்டான். ஆனா கோல் விழும்." பிறகு நோல்ஸ் பக்கம் திரும்பினான். "நீ கிட்டத்துக் கம்பத்துல சும்மா நில்லு."

"நானா? நான் இதுவரைக்கும் ஒரு கோல்கூடப் போட்டதில்லையே பாஸ்."

"அது எனக்கும் தெரியும், அவனுங்களுக்கும் தெரியும். அதனாலதான்."

இத்தனை வருஷம் அவன் வீணாக ஓடினான் என்று நான் மனதுக்குள் நினைத்திருந்தேன், சண்டையில் வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஆட்டம் முடிகிற நேரத்தில் கார்னர் கிடைத்தது. லோமாக்ஸ் கையைத் தூக்கிக்கொண்டு, காது கூசுகிற வார்த்தைகளால் திட்டிக்கொண்டே பின்னால் சுற்றி ஓடினான். "பின்னால வர்றான்!" என்று கிரெய்க் அலறினான். மூன்று பேர் இல்லை, ஐந்து பேர் லோமாக்ஸ் பின்னால் ஓடினார்கள். பந்து கிட்டத்துக் கம்பத்துக்குத் தாழ்வாக வந்தது. நோல்ஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பந்து அவன் நெற்றியில் பட்டு உள்ளே போனது. அவன் கண்ணைத் திறந்து, யார் போட்டது என்று பக்கத்தில் கேட்டான்.

நான் தார்ன்லிக்காரர்களுக்கு நடுவில் நின்று குரல் கம்மும்வரை கத்தினேன். மெர்வ் அசையவில்லை. பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் விழுந்தால் குதிக்கக் கூடாது, அது ஆட்டக்காரர்களின் மரியாதை. அவனுக்குப் பழைய கிளப் ஏராளம் என்பதால் கடைசிக் காலத்தில் எந்த கோலுக்குமே குதிக்க முடியாமல் போயிற்று. அன்றும் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றான். ஒன்றுக்கு ஒன்று என்று டிராவில் விசில் ஊதியதும் தார்ன்லி கூட்டம் எழுந்து நின்று அவன் பேரைச் சொல்லிக் கைதட்டியது. பையிலிருந்து கையை எடுத்தான், ஆனால் கண்ணைத் துடைக்கத்தான்.

போக்சன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மெர்வின் தோளில் ஓங்கி அடித்தார். "அடப்பாவி! தப்பான ரூமுக்குள்ள போற மாதிரி போய், தப்பான திட்டத்தைச் சொல்லிட்டு வந்திருக்கியே! எங்கேயிருந்துய்யா உனக்கு இந்த நரிப் புத்தி?"

மெர்வ் வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன். அவன் அதைப் பொருட்படுத்தவே இல்லை. "இல்லீங்க, நெசமாவே கதவு மாறிப் போயிட்டேன். என் முட்டாள்தனம்."

போக்சன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தியா கண்ணு, எங்கிட்டயே விட்டுக்குடுக்க மாட்டேங்கறான்! இப்படித்தான் இருக்கணும். கடைசி வரைக்கும் இதையே சொல்லு மெர்வ். திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடு."

மறுநாள் காலையில் கத்தியில்லாமல், வெறுங்கையாலேயே ருபார்ப் தண்டுகளை அடியோடு பிடித்துத் திருகி இழுத்தேன். ஒவ்வொன்றும் நறுக்கென்ற சத்தத்தோடு வந்தது. மதியம் மெர்வ் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தான்.

"உண்மையச் சொல்லியும் யாரும் நம்ப மாட்டேங்கறாங்க ஆவ்ரில். லோமாக்ஸே சந்தேகமாப் பாக்கறான்."

"சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"அப்பச் சாப்பிடு."

ஒரு வாய் தின்றான், முகத்தைச் சுளித்தான். "சர்க்கரை பத்தல."

எத்தனை வீடு, எத்தனை வருஷம் காத்திருந்து பறித்தது, சர்க்கரை பத்தலையாம்! எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளே போய் டப்பாவையே எடுத்துவந்து அவன் பக்கத்தில் வைத்தேன். எனக்கென்னவோ அது போதுமான இனிப்பாகத்தான் இருந்தது. உட்கார்ந்து என் கிண்ணம் முழுவதையும் வழித்துத் தின்றேன்.

"நாளைக்கு வரும்போது ஒரு ஆப்பிள் கன்னு வாங்கிட்டு வா," என்றேன். "அந்த வேலி ஓரமா வைக்கலாம்."

"அது காய்க்க எத்தனை வருஷம் ஆகும்?"

"நாலஞ்சு வருஷம்."

"ஒப்பந்தம் மூணு வருஷம்தானே?"

"அது உன் பாடு," என்றேன்.

மெர்வ் வேலியைப் பார்த்தான். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டான்.