9B ஹாலில் ஒரு பாதி வாக்கியம்

கட்டட வேலைகளைக் கணக்கு வைக்கிற செயலியில் யாருடைய பெயருக்கு எதிரே ‘ஹோல்டு’, அதாவது ‘நிறுத்திவை’, விழுகிறதோ, அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார். கட்டடத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். அவர் காலைச் சுற்றி ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிப் போவார்கள். சுகிர்தாவின் கணவர் ஆசீர், மேகலா அடுக்ககத்தின் ஒன்பதாவது மாடியில், காதில் போனை வைத்தபடி ஆறு வருஷமாக நின்றுகொண்டிருந்தார்.

ஆசீர் அந்தக் கட்டடத்தின் சூப்பர்வைசர். அவர் நின்ற அன்று ஒன்பதாவது மாடியில் சுவர்கூட இல்லை, வெறும் தளமும் தூண்களும்தான். வேலை நிற்க முடியாதல்லவா? ஆட்கள் அவரைச் சுற்றியே சுவர் எழுப்பினார்கள், பூசினார்கள், ஜன்னல் வைத்தார்கள், டைல்ஸ் ஒட்டினார்கள். அவருடைய ஷூவின் வடிவத்துக்கு டைல்ஸை வெட்டிப் பொருத்தியிருந்த சுத்தத்தைப் பார்த்தால் யாருக்கும் கை தட்டத் தோன்றும். இப்போது அவர் நிற்பது 9B வீட்டின் ஹால். ஹாலில் ஒரு உருப்படி ஹோல்டில் இருப்பதால், அந்த வீட்டை வாங்கிய வரதராஜனும் அவர் மனைவி கோமதியும் சாவி கிடைக்காமல் மகன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் காதில் இருந்த போனின் மறுமுனை சுகிர்தாவின் போன். அந்த அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. ஒன்பதாவது மாடியில் சித்தாள் அஞ்சலை தினமும் அவர் காதோரப் போனில் சார்ஜர் வயரைச் செருகிவிடுவாள். இந்தப் பக்கம் சுகிர்தா தன் போனைத் தலையணைக்கு அருகே சார்ஜில் போட்டு வைத்திருந்தாள். மற்ற அழைப்புகளுக்கு வேறொரு போன் வாங்கிக்கொண்டாள். முதல் இரண்டு வருஷம் தலையணைப் போனில் காற்று கேட்டது. ஜன்னல் வைத்த பிறகு காற்று நின்று, டைல்ஸ் வெட்டும் மெஷினும் அஞ்சலையின் இருமலும் கேட்டன.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் இருவருக்கும் சண்டை. வாட்டர் கேன்காரருக்கு யார் போன் செய்வது என்பதில் ஆரம்பித்து, எங்கெங்கோ போய், கடைசியில் சுகிர்தா சொல்லிவிட்டாள்: “உங்களைப் பாக்காமலே இருந்திருக்கலாம்.” ஆசீர் காப்பியைத் தொடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். பதினொன்று இருபதுக்கு அவரே கூப்பிட்டார்.

“சுகி, சாயங்காலம் வந்து உன்கிட்ட” என்றார். அதோடு நின்றுவிட்டார்.

சாயங்காலம் வந்து என்கிட்ட என்ன? மன்னிப்பு கேட்கப் போகிறாரா, கணக்குத் தீர்த்துக்கொள்ளப் போகிறாரா? பேசணும் என்பதா, பேசவே மாட்டேன் என்பதா? ஆறு வருஷமாக அவளுக்கு இருந்த ஒரே வேலை அந்த வாக்கியத்தை முடித்து முடித்துப் பார்ப்பதுதான். மற்றதெல்லாம் சம்பளத்துக்காகச் செய்தது.

ஹோல்டு விழுந்ததில் யார்மேலும் குற்றமில்லை. இன்ஜினியர் குமரகுரு ஒன்பதாவது மாடிக்கு வரவேண்டிய டைல்ஸ் லோடை நிறுத்திவைக்கப் போனார். பட்டியலில் டைல்ஸுக்கு அடுத்த வரி ஆசீர். “கை பட்டுருச்சு மேடம்” என்று அன்றைக்கே சுகிர்தாவுக்குப் போன் செய்து வருத்தப்பட்டார். போட்டவரே எடுக்க வேண்டும் என்பது செயலியின் விதி. எங்கே எடுப்பது என்று அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே, மூன்றரை மணிக்கு, சென்ட்ரிங் கான்ட்ராக்டர் ஏழுமலை ஏதோ கோபத்தில் குமரகுருவை ஹோல்டில் போட்டார். ஏழுமலையோ நான்கு மணிக்கு நின்றுவிட்டார், ஏனென்றால் நான்கு மணியிலிருந்து அவரை நிறுத்திவைக்கும்படி காலையிலேயே குறித்து வைத்திருந்தவர் ஆசீர். ஆக, ஆசீரை எடுக்க குமரகுரு வேண்டும், குமரகுருவை எடுக்க ஏழுமலை வேண்டும், ஏழுமலையை எடுக்க ஆசீர் வேண்டும். மூன்று பேரும் மூன்று மாடிகளில் நின்றார்கள்.

சுகிர்தாவால் யாரையும் திட்ட முடியவில்லை. அந்தச் செயலியை வடிவமைத்ததே அவள்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்பு, அதை எப்படிச் செய்யலாம் என்று கேட்டறிய நோட்டும் பேனாவுமாக ஒரு கட்டடத்துக்குப் போனபோது, முதலில் வாய் திறந்து பேசியவர் ஆசீர். “விரல்ல சிமெண்ட் காஞ்சு கிடக்கும் மேடம். சின்ன பட்டன் வேலைக்கு ஆகாது. ‘முடிந்தது’ன்னு போட்டா போட்டோ கேக்கும், ‘தாமதம்’னு போட்டா காரணம் கேக்கும். எதுவும் கேக்காத ஒண்ணு வேணும். அதைப் பெருசா வைங்க” என்றார். அவள் ஹோல்டைப் பெரிதாக வைத்தாள். கட்டைவிரல் தானாகப் போய் விழுகிற இடத்தில் வைத்தாள். அடுத்த வருஷம் அவரையே கல்யாணமும் செய்துகொண்டாள்.

இப்போது அந்தச் செயலியைப் புதிதாக வடிவமைக்கும்படி கம்பெனி சொல்லிவிட்டது. பழையதில் பதினொரு நிலைகள் இருந்தன. ஊரில் எல்லா மேஸ்திரிகளும் ஒன்றை மட்டுமே அமுக்கினார்கள். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு உருப்படிகள் ஹோல்டில் கிடந்தன. அரைச் சுவர்கள், லிஃப்டுகள், இறுகாத கான்கிரீட்டோடு ஒரு லாரி, ஆட்கள், வாட்ச்மேன் என்று பதிவாகியிருந்த ஒரு நாய்.

“இனிமே ரெண்டே பட்டன்” என்றான் அவளுடைய மேலதிகாரி பார்த்திபன். “முடிந்தது, தொடங்கவில்லை. ஹோல்டு கிடையாது.”

“ஹோல்டுல இருக்கிறவங்க என்ன ஆவாங்க?”

“ரெண்டுல ஒண்ணுக்கு மாத்திடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள.”

மூன்றாவதாக ஒன்று, சின்னதாக, எங்காவது மூலையில் இருக்கட்டுமே என்று அவள் மன்றாடினாள். சரி, சோதித்துப் பார்ப்போம் என்றான். ஹோல்டை மூன்று திரைகளுக்கு அடியில் ஒளித்து வைத்து, ஐந்து மேஸ்திரிகளைக் கூட்டிவந்து கொடுத்தார்கள். நான்கு பேர் ஒரு நிமிஷத்துக்குள் கண்டுபிடித்தார்கள். ஐந்தாவது மேஸ்திரி அந்தச் சோதனையையே ஹோல்டில் போட்டுவிட்டு ஊருக்கு ரயிலேறினார். அறையில் இருந்த இரண்டு பேர் கையில் பிஸ்கட்டோடு நின்றுவிட்டார்கள். அறையைப் பூட்டிவிட்டு, அடுத்த அறையில் கூட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

“உங்க கஷ்டம் புரியுது. ஆனா மூணு பட்டன் குழப்பம் சுகிர்தா” என்றான் பார்த்திபன். அவன் நல்லவன்தான். அதனால்தான் அவன்மீது கோபப்படவும் அவளால் முடியவில்லை.

பட்டியலைப் பிரித்துக்கொண்டார்கள். அவள் பங்குக்கு வந்ததில், இடுப்பளவில் நின்றுபோன ஒரு சுவரை முதலில் ‘முடிந்தது’ என்று மாற்றிப் பார்த்தாள். அது இடுப்பளவிலேயே முடிந்துவிட்டது. வீட்டுக்காரர்கள் வந்து மேல்பக்கம் பூசிக்கொண்டு குடியேறினார்கள். பாதியில் நின்ற ஒரு மாடிவீட்டைத் ‘தொடங்கவில்லை’ என்று மாற்றினாள். செங்கல்கள் சூளைக்குத் திரும்பின, கம்பிகள் லாரியேறின, அஸ்திவாரக் குழி மூடிக்கொண்டது. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது அந்த இடத்தில் ஏரி இருந்தது. ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. ஆசீரைத் தொடங்காதவராக்கினால் அவர் நடமாடுவார், சிரிப்பார், யாரிடமாவது பட்டனைப் பெரிதாக வைக்கச் சொல்வார். ஆனால் அவளைப் பார்த்திருக்கவே மாட்டார். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வாய்க்கு வந்தபடி பேசியதை அவளே கையால் அமுக்கி நிஜமாக்குவதா? முடிந்தவராக்கினால் அந்த வாக்கியம் அங்கேயே முடிந்துவிடும். அதோடு, முடிந்தவை எல்லாம் வாங்கியவரிடம் ஒப்படைக்கப்படும் என்பது பழைய விதி. அதைப் புதிய செயலியிலும் யாரும் மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் ஒன்பதாவது மாடிக்குப் போனாள். கையில் ஒரு நீலச் சட்டை. போனைப் பிடித்த கையை நீட்ட முடியாது என்பதால், அவருடைய சட்டைகளையெல்லாம் முதுகுப்பக்கம் பட்டன் வருகிற மாதிரி அவள் தைத்து வைத்திருந்தாள். அஞ்சலை ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“சாரு மேல தூசு படிஞ்சுனே இருக்குது மேடம். நான் தொடைக்கலன்னா யாரு தொடைப்பா?”

“இன்னையோட முடிஞ்சுது அஞ்சலைக்கா.”

“நெஜமாவா?” அஞ்சலை துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். “ஆறு வருசமா கூடவே இருந்துட்டாரு. எனக்குத்தான் பேச்சுத்துணை போச்சு.”

இரண்டு பேருமாகச் சட்டையை மாற்றினார்கள். அவர் முகத்தில் ஆறு வருஷத்துக்கு முந்தைய மீசை. வயதும் அதே முப்பத்தி நாலு. சுகிர்தாவுக்கு நாற்பது ஆகிவிட்டது. அவர் உதடு ‘ட’ என்ற எழுத்தை முடித்த நிலையில் லேசாகத் திறந்திருந்தது. அவள் அதை ஒருமுறை விரலால் தொட்டாள். பிறகு ‘முடிந்தது’ என்பதை அமுக்கினாள்.

ஆசீர் கையைக் கீழே இறக்கினார். போனைத் துண்டிக்கவில்லை.

“என்கிட்ட என்னங்க?” என்றாள் சுகிர்தா.

“என்ன, என்ன?”

“சாயங்காலம் வந்து உன்கிட்டன்னீங்க. மேல என்ன சொல்ல வந்தீங்க?”

ஆசீர் யோசித்துப் பார்த்தார். ஒளிக்கிற முகம் இல்லை அது. “அவ்வளவுதான் சுகி. சொல்லி முடிச்சிட்டேன்.”

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார், அதுவும் முடிந்துபோன ஒருவருடைய தட்டல்தான். வீட்டுக்குப் போகலாமா என்று அவள் கேட்டதற்கு, “என்னை 9Bல போட்டிருக்காங்களே” என்றார்.

பன்னிரண்டு மணிக்கு வரதராஜனும் கோமதியும் சாவி வாங்க வந்தார்கள். ஒப்படைப்புப் பட்டியலில் ஜன்னல்கள் ஏழு, கதவுகள் ஐந்து, ஆசீர் ஒன்று என்று இருந்தது. வரதராஜன் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

“ஹால்லயே இருக்கட்டும். சோபாவை அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்கலாம்” என்றார் கோமதி. பிறகு சுகிர்தாவிடம் தணிவாகக் கேட்டார்: “இவருக்குக் காப்பியாம்மா, டீயா?”

“காப்பி. சர்க்கரை பாதி போதும். கோபமா இருந்தா குடிக்க மாட்டார். நீங்க விட்டுடுங்க, ஆறினப்புறம் அவரே எடுத்துக் குடிப்பார்.”

அதைக் கோமதி எழுதிக்கொண்டார். சுகிர்தா கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கினாள். லிஃப்ட் இருந்தது, அவளுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை புதிய செயலி வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். பத்து மணிக்கு அவளுடைய திரையில் ஒரு புதிய வேலை வந்து விழுந்தது. ஒன்று முடிந்ததாகக் குறிக்கப்பட்டு அதில் ஏதாவது மிச்சமிருந்தால், செயலி அதைத் தனி வேலையாகத் திறந்துகொள்ளும். ‘மீதி வாக்கியம். பொறுப்பு: சுகிர்தா. கெடு: ஆறு வருஷத்துக்கு முந்தைய செவ்வாய், சாயங்காலம். நிலை: தொடங்கவில்லை.’

மறுநாள் காலை அவள் வீட்டுக்கு ஒரு மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். கலவை அள்ளும் பாண்டு, கரணை, மட்டக்குழாய் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள்.

“மீதி வாக்கியம் இங்கதானேம்மா?”

“இங்கதான். உள்ள வாங்க.” அவள் சமையலறை வாசலைக் காட்டினாள். சாயங்காலம் வந்தால் அவர் சாய்ந்து நிற்கிற இடம் அது.

மேஸ்திரி அளந்து பார்த்தார். “எவ்வளவு நீளம் வரும்?”

“தெரியல. நாலஞ்சு வார்த்தை இருக்கலாம்.”

“பழசோட புதுசு ஒட்டணும்னா பழசு முனையைக் கொஞ்சம் கொத்திவிடணும். முனை எங்க இருக்கு?”

அவள் தலையணைக்கு அருகிலிருந்து போனை எடுத்துவந்து தரையில் வைத்தாள். அதில் 9B வீட்டின் ஃபேன் சத்தமும், கோமதி யாரிடமோ காப்பி ஆறிவிட்டது என்று சொல்வதும் கேட்டன. மேஸ்திரி குனிந்து காது வைத்துக் கேட்டு, தலையாட்டி, உளியை எடுத்தார்.

“ஏழு நாள் தண்ணி விடணும்மா. விட்டுப்போச்சுன்னா வெடிச்சிடும்” என்றார்.

சுகிர்தா இன்னொரு போனை எடுத்து வாட்டர் கேன்காரரைக் கூப்பிட்டு, ஏழு நாளைக்குத் தினம் இரண்டு கேன் போடச் சொன்னாள்.