மருந்தின் வேகமும் மேடைப் பேச்சாளரும்

“மனித குலத்தின் வரலாறு என்பது நிமிர்ந்து நின்ற இரண்டு கால்களின் வரலாறு.”

இதைச் சொன்ன மேடைப் பேச்சாளரால் நிற்க முடியாது. வலது காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். மேலே தூக்கி வைத்தால் உயிர் போகும் வலி. நான்கு மாதமாகத் தூக்கமும் உட்கார்ந்தபடிதான்.

அந்தக் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அடைத்துவிட்டன. கட்டைவிரலில் ஆறாத புண். அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்று பெரிய டாக்டர் கைவிரித்துவிட்டார். மிச்சம், குழாய்களை விரிக்கும் மருந்து. தினம் ஆறு மணி நேரம், நான்கு வாரம், ஊசி வழியாக ஏற்ற வேண்டும். அதுவும் கேட்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள்.

வேகமாக ஏற்றினால் தலை வெடிக்கும். மெதுவாக ஏற்றினால் காலுக்குப் போதாது.

“தலை வலிச்சா உடனே சொல்லணும்யா” என்றார் நர்ஸ்.

அவர் சொல்லவில்லை. வலி பொறுப்பதே வீரம் என்று நாற்பது வருடம் மைக் பிடித்தவர். இரண்டாம் நாள் மதியம் வாந்தி எடுத்தார்.

“மருந்து காலுக்குத்தானே சிஸ்டர், தலைக்கு என்ன வேலை?” என்றாள் மனைவி.

“அதுக்குக் காலும் தெரியாது, தலையும் தெரியாதுக்கா. இவரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாரே.”

“இவரா? தண்ணி கேக்கவே ‘பெரியோர்களே, தாய்மார்களே’ன்னுதான் ஆரம்பிப்பாரு. முடியலைன்னா மட்டும் தாய்மார்களை விட்டுடுவாரு.”

நர்ஸ் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். மறுநாள் முதல் அரைமணிக்கு ஒருமுறை, “ஐயாவுக்கு என்ன வேணும்?” என்று கேட்பார். தாய்மார்கள் வரை வந்தால் மருந்தின் வேகத்தை ஒரு புள்ளி கூட்டுவார். பெரியோர்களோடு நின்றால் குறைப்பார். வெறும் “தண்ணி” என்றால் நிறுத்திவிட்டு டாக்டரை அழைப்பார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத அளவுகோல். ஒருநாள்கூடத் தவறவில்லை; வாந்தியும் திரும்பவில்லை.

நான்காம் வாரக் கடைசியில் பெரிய டாக்டர் எட்டு மாணவர்களோடு வந்தார். “இந்த அளவைப் பிடிக்கறது அனுபவம். என் முப்பது வருஷ அனுபவம்” என்று விளக்கிவிட்டுப் பாதத்தைத் தொட்டார். சூடாக இருந்தது. புண் காய்ந்திருந்தது.

“கால எடுக்க வேண்டாம்மா.”

மனைவி டாக்டரைப் பார்க்கவில்லை. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரெண்டு வார்த்தை பேசுங்க” என்று கணவரைத் தட்டினாள்.

அவர் இரண்டு கால்களையும் கட்டிலில் நீட்டி, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். தலையணை எச்சிலில் நனைந்திருந்தது.